திரும்பாத திரை

நாலு போன்களையும் வரிசையாகச் சார்ஜில் செருகிவிட்டு, "உசுரு வரட்டுங் அம்மிணி, அதுவரைக்கும் உக்காருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் நகர்த்தினார் தனபால் அண்ணன். சங்கமித்திரை உட்கார்ந்தாள். காந்திபுரத்தில் தரைக்குக் கீழே ஓடும் அந்தப் பழைய போன் கடைவரிசையில் மத்தியானமா சாயங்காலமா என்று சொல்ல முடியாது. எப்போதும் ஒரே டியூப்லைட் வெளிச்சம், ஒரே ஈயம் உருகுகிற வாசனை, பக்கத்துக் கடையில் யாரோ ஒரே ரிங்டோனைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற சத்தம். எதிரே கண்ணாடி மேஜைமேல் நாலு கறுப்புச் செவ்வகங்கள், பள்ளிக்கூடத்து அசெம்பிளியில் உயர வரிசைப்படி நிறுத்திவைத்த பிள்ளைகள் மாதிரி. இதில் ஒன்றைத்தான் அவள் எடுக்கலாம். ஒன்றே ஒன்று. பில்லோடு, வாரண்டியோடு, திரையில் கீறல் இல்லாமல். அதை வைத்துக்கொண்டு, உலகத்தில் எத்தனை அளவுத் திரை உண்டோ அத்தனையிலும் தன் ஆப் ஒழுங்காக ஓடும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எம்.எஸ்ஸி. கடைசி வருட புராஜெக்ட் என்பதால் துறை இந்த அளவுக்கு இறங்கி வந்திருக்கிறதாம், இதற்கே நன்றி சொல்ல வேண்டுமாம். சின்னதை எடுத்தால் பெரியது விட்டுப்போகும், பெரியதை எடுத்தால் சின்னது, நடுவில் இருப்பதை எடுத்தால் இரண்டும் விட்டுப்போகும். இதைச் சொன்னபோது புராஜெக்ட் கைடு பரந்தாமன் சார் சிரித்தார். சராசரியை எடும்மா, என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சார், சராசரி என்று ஒரு ஆள் எங்கே இருக்கிறார், அவர் வீட்டு விலாசம் கொடுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் கேட்டதும், "உனக்கு எதுக்கெடுத்தாலும் பட்டிமன்றம்" என்று அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டிமன்றமாம். பட்டிமன்றத்திலாவது ரெண்டு பக்கமும் பேச விடுவார்கள், நடுவர் கடைசியில்தான் ஒரு பக்கம் சாய்வார். இங்கே முதலிலேயே தீர்ப்பு, அப்புறம்தான் வழக்கு.

அதிகம் விற்கிற மூணு அளவுகளைப் பார்த்தால் போதும் என்பது சாருடைய இரண்டாவது வாதம், அதற்குப் பதிலை அவள் அப்போது சொல்லவில்லை, படிக்கட்டில் இறங்கும்போதுதான் தோன்றியது, அதிலிருந்து மனசுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். விற்கிற போன் வேறு, கையில் இருக்கிற போன் வேறு சார். கடையில் வாங்குகிறவன் ஒருத்தன். அவன் ரெண்டு வருஷம் வைத்துக்கொள்வான். அப்புறம் அது தம்பிக்குப் போகும், தம்பி வண்டியிலிருந்து ஒரு தடவை கீழே போடுவான், அப்புறம் அப்பாவுக்கு, அப்பா எழுத்தைப் பெரிசாக்கி வைப்பார், பாட்டரி உப்பி முதுகு பிதுங்கின பிறகு வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு வரும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருகிற மாதிரி போனும் வரும், வருகிற வழியில் எல்லா அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வரும். நாம் யாருக்காக இந்த ஆப்பை எழுதுகிறோம் சார், பள்ளத்தில் நிற்கிறவளுக்காக. அப்புறம் எதற்கு மேட்டில் நின்று சோதிக்கிறோம். நல்ல வாதம். மறுக்க முடியாத வாதம். யாரும் இல்லாத படிக்கட்டில் அவள் ஜெயித்த வாதங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு கட்சியே நடத்தலாம். இவளுடைய வீட்டிலும் இதே கதைதானே, இப்போது பையில் இருக்கிற இவளுடைய போன்கூட அண்ணனுடையதுதானே, ஆனால் இவளுடைய அண்ணன் பத்திரமாக வைத்துக்கொள்கிறவன், அதனால் இவள் திரையில் கோடு இல்லை, அதனால்தான் இவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலிருப்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. "டீ சொல்லட்டுங்களா?" என்றார் தனபால். வேண்டாம் என்று தலையாட்டினாள். முதல் போன், இருப்பதிலேயே சின்னது, லேசாக அதிர்ந்து ஒளிர்ந்தது.

லேப்டாப்பை மடியில் வைத்து, கேபிளை மாட்டி ஆப்பை ஏற்றினாள். 'துணை' என்று பெயர். பெயர் வைத்தது சார், சிவப்பு வட்டம் வைத்தது இவள். பஞ்சாலை விடுதிப் பெண்கள் ராத்திரி ஷிப்ட் முடிந்து திரும்பும்போது யாராவது வம்பு பண்ணினால் அந்த வட்டத்தை அமுக்க வேண்டும். உடனே கூடத் தங்கியிருக்கிற பெண்களின் போன்களும் வார்டன் அறையும் சேர்ந்து அலறும். அவ்வளவுதான் ஆப். இந்தச் சின்னத் திரையில் வட்டம் அடியில் பாதி அறுந்து தெரிந்தது, அஸ்தமிக்கிற சூரியன் மாதிரி, அழகாகக்கூட இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சூரியன் முழுதாக மூழ்கிவிட்டது. இது பரவாயில்லை, இதைச் சரிசெய்துவிடலாம், வட்டத்தை மேலே கொண்டுபோகலாம். ஆனால் மேலே கொண்டுபோனால் ஓடுகிறவளின் கட்டைவிரல் அங்கே எட்டாது. நடுவில் வைத்தால் எட்டும், ஆனால் தெரியாமல் பட்டு அலறும், நாலு தடவை சும்மா அலறினால் ஐந்தாவது தடவை யாரும் வர மாட்டார்கள். வட்டமே வேண்டாம், பக்கவாட்டில் இருக்கிற சத்தப் பொத்தானை அமுக்கினால் போதும் என்று ஒருநாள் யோசித்தாள். ரஞ்சிதத்தின் போனில் அந்தப் பொத்தான் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, சேஃப்டி பின்னால் குத்தினால்தான் சத்தம் ஏறும். ரஞ்சிதம். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெண், நூற்பு மில்லில் இரண்டாவது வருஷம், இவளைவிட ரெண்டு வயது சின்னவள், ஒல்லியாக, பேசும்போது பஞ்சுத்தூசி ஒட்டின புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பேசுகிறவள். ஒரு மாசமாக வயிற்றுவலி என்று சொல்லி ராத்திரி ஷிப்டுக்குப் போகாமல் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவள், இந்த ஆப் வருகிறது என்று கேள்விப்பட்டதும் திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டாள். மில்லிலிருந்து விடுதிக்கு நடக்கிற வழியில், குடோன் சுவர் ஓரம், ஒருத்தன் பின்னாலேயே வருகிறான், ஒரு தடவை கையைப் பிடித்துவிட்டான். யார் என்று அவள் சொல்லவில்லை. "அத விடுங்கக்கா, உங்க ஆப்பப் பத்திப் பேசுவோம்" என்றாள். அவளுடைய போனில் திரையின் அடிப்பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்குச் செத்துப்போயிருந்தது, தொட்டால் கல்லைத் தொட்ட மாதிரி. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள், அந்த விடுதியில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். போனைப் படுக்கவாட்டில் திருப்பினால் அடியில் இருந்ததெல்லாம் வேறு பக்கம் வந்துவிடும், செத்த இடத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வைத்து எழுதலாம், பணம் அனுப்பலாம், படம் பார்க்கலாம். "எல்லா ஆப்பும் திரும்புதுக்கா. உங்களுது மட்டும் மொறச்சுக்கிட்டு நிக்குது."

நிற்கும். ஏனென்றால் நிற்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருக்கிறது. திரை திரும்பக் கூடாது என்று ஒரே ஒரு வரி. எல்லாரும் எழுதுகிற வரி, பாடப்புத்தகத்திலேயே இருக்கிற வரி, ஏனென்றால் திரும்பவிட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் ரெண்டு தடவை வரைய வேண்டும், ரெண்டு தடவை சோதிக்க வேண்டும், யாருக்கு நேரம் இருக்கிறது. ரெண்டாவது போனும் விழித்துக்கொண்டது. அந்த வரியை எடுத்துவிட்ட புதுப் பதிப்பை அதில் ஏற்றினாள், திருப்பினாள். வரைபடம் திரை முழுவதும் பாய்போட்டுப் படுத்துக்கொண்டது, வட்டம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது, தேய்த்துத் தேய்த்து மேலே கொண்டுவந்தால் கிடைக்கும். தேய்ப்பதற்கு எந்த இடத்தில் விரலை வைப்பாள் அவள். செத்த பட்டை திருப்பினதும் எந்த ஓரத்துக்குப் போகும், வலமா இடமா, அது அவள் எந்தப் பக்கம் திருப்புகிறாள் என்பதைப் பொறுத்தது, பயத்தில் ஓடுகிறவள் எந்தப் பக்கம் திருப்புவாள். இதற்கு விடை எந்த நல்ல போனிலும் கிடைக்காது. "அண்ணா, டச் போன போன் இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டாள். தனபால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "போனதா? போன போன வெச்சு என்னங் பண்ணுவீங்க?" "டெஸ்ட் பண்ணணும்." "போயிருக்கான்னு டெஸ்ட் பண்ணோணுமா? போயிருக்குன்னு நானே சொல்றனே." பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். ஆனால் தனபால் எழுந்துபோய் உள்ளேயிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். "பார்ட்ஸுக்கு வெச்சிருக்கறது. எத்தன வேணுமோ அள்ளிக்குங்க, காசெல்லாம் வேண்டாம்." அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் செருகினாள். ஒன்றில் மேல் மூலை செத்திருந்தது, ஒன்றில் நடுவில் நெடுக ஒரு கோடு, ஒன்று தொடாமலேயே தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது, ஒன்று முழுக்கப் பச்சை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி விழுந்திருக்கிறது. யாரோ கோபத்தில் எறிந்தது, யாரோ பஸ்ஸில் நழுவவிட்டது, குழந்தை கடித்தது. நல்ல போன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, அளவுதான் வேறு, உடைந்தவை அப்படி இல்லை, உடைந்தவற்றுக்கு அளவே கிடையாது. இவ்வளவு நாளும் திரை அளவு, திரை அளவு என்று மாரடித்தோமே, அது எத்தனை சின்ன விஷயம். ரஞ்சிதத்தின் போன் மாதிரி ஒன்று அந்தக் குவியலில் இல்லை. இருந்தாலும்தான் என்ன. "இதுக்கு ஒரு பில் போட்டுத் தர முடியுங்களாண்ணா?" என்றாள், பதில் தெரிந்தே. "ஒடஞ்சதுக்கா? ஓடற போனுக்குத்தானுங் பில்லு. ஒடஞ்சது போன் கணக்குலயே வராதே." அதுதான். துறையின் சரக்குக் கணக்கில் ஏறாத போனில் சோதித்தது சோதனை இல்லை. சோதனை இல்லாத பதிப்பை மில்லின் மேனேஜர் உள்ளே விட மாட்டார். உடைந்ததைக் கணக்கில் ஏற்ற முடியாது, ஏற்றினால் ஆடிட்டில் கேட்பார்கள், பல்கலைக்கழகம் ஏன் உடைந்த பொருள் வாங்கியது என்று. எல்லாரும் ஒழுங்கானவர்கள். ஒருத்தர்கூட தப்பு செய்யவில்லை. ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு விதி இருக்கிறது, அந்த விதி நியாயமாகவும் இருக்கிறது, இவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவாள். சண்டை போட ஒரு ஆள் வேண்டும். ஒரு முகம் வேண்டும்.

முகம் என்றதும் அந்த முகம் வந்தது, ஏன் வந்தது என்று தெரியவில்லை. மேஸ்திரி குணசேகரனின் முகம். மில்லில் சோதனை நடந்த அன்று எவ்வளவு மரியாதையாக இருந்தார். பெண்களின் போன்கள் எல்லாம் வார்டனிடம் பூட்டிக்கிடந்தன, சாயங்காலம்தான் கொடுப்பார்கள், எந்தப் போனில் போட்டுக் காட்டுவது என்று இவள் முழித்தபோது அவர்தான் சட்டைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினார். "என்னோடதுல போடுங்க மேடம், பெரிய ஸ்கிரீன், எல்லாருக்கும் தெரியும்." பளபளவென்று ஒரு போன். ஆப் அதில் அப்படியே பூ மாதிரி விரிந்தது, ஒரு எழுத்து பிசகவில்லை. அவரே கட்டைவிரலால் வட்டத்தை அமுக்கினார், மேனேஜர் மேஜையில் இருந்த போன் அலறியது, எல்லாரும் கைதட்டினார்கள், இவளும்தான். 'களத்தில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது' என்று அன்று ராத்திரியே சாருக்கு எழுதி அனுப்பினாள். எவ்வளவு நேரத்தில் அலறுகிறது, யார் யாருக்குப் போகிறது, எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்டார், ஆர்வமாக இருக்கிறாரே என்று இவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். நெட்வொர்க் இல்லாத இடத்தில், அந்தக் குடோன் பக்கமெல்லாம் சிக்னல் சரியாக இருக்காதே, அங்கே என்ன ஆகும் என்றுகூடக் கேட்டார். அங்கே போகாது என்றாள். நல்ல கேள்வி கேட்கிறார் என்று நினைத்தாள். குடோன். மூணாவது போன் விழித்துக்கொண்டு ஏதோ கம்பெனிப் பாட்டுப் பாடியது, அவள் அதைத் தொடவில்லை. அன்றைக்கு ரஞ்சிதம் சாயங்காலம் குழாயடிக்கு அருகில் போனைக் காட்டிக்கொண்டிருந்தாள், முறைத்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், அப்போது மேஸ்திரி டீக் கிளாஸோடு அந்தப் பக்கம் வந்தார். ரஞ்சிதம் போனைத் திரை உள்பக்கமாக வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவர் "என்ன ரஞ்சிதம், மேடத்தத் தொந்தரவு பண்றியா" என்றார், போய்விட்டார். அப்புறம் அவள் சொன்னாள், மெதுவாக, "அவருதான் மொதல்லயே அமுக்கிப் பாத்துட்டாரே, இனி எங்களுக்கு எதுக்குக்கா." இவள் அதைப் பொறாமை என்று நினைத்தாள். நமக்குக் கொடுக்காமல் பெரியவருக்குக் கொடுத்துவிட்டார்களே என்கிற கோபம் என்று நினைத்தாள், சிரித்துக்கொண்டே "உங்களுக்குத்தான் இது" என்று தோளைத் தட்டினாள். தோளைத் தட்டினாள். அப்படி இருக்காது. எல்லாரையும் சந்தேகப்படுகிற புத்தி இது. ஆதாரம் என்ன என்று அவளே கேட்டாள், அவளுக்கு எதிராக அவளே நின்று வாதாடினாள், ஒரு பெண் போனை வயிற்றில் வைத்தால் அது ஆதாரமா, குடோனில் சிக்னல் இருக்குமா என்று கேட்பது குற்றமா, ஒரு மேஸ்திரி கேட்காமல் யார் கேட்பார். நல்ல வாதங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது, சேர்த்துவைத்தால் விழுந்தது. அந்த மில்லில் ஆப் ஒழுங்காக ஓடுகிற போன் ஒன்றுதான் இருக்கிறது, அது அவனுடையது. சிவப்பு வட்டம் முழுதாகத் தெரிகிற ஒரே திரை. நான் கற்றுக்கொடுத்தேன். எது எங்கே இருக்கிறது, எங்கே வேலை செய்யாது என்று உட்காரவைத்து நானே கற்றுக்கொடுத்தேன்.

ரஞ்சிதத்துக்குப் போன் பண்ண வேண்டும் என்று எடுத்தாள், இன்னும் போன் அவள் கைக்கு வந்திருக்காது என்று வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். நாலாவது போன் எழுந்துவிட்டது, இருப்பதிலேயே பெரியது, அவனுடையதைப் போலவே. தனபால் அதில் ஆப்பைத் தானே திறந்து பார்த்து, "இதுல ஜோரா இருக்குதுங், இதையே எடுத்துக்குங்க, ஆபீசுல காட்டறதுக்கும் கவுரதியா இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. சாருக்குப் பிடிக்கும், ஆடிட்டுக்குப் பிடிக்கும், திங்கட்கிழமை மேஜைமேல் வைத்துக் காட்டினால் எல்லாரும் கைதட்டுவார்கள். வேறு எதை எடுத்தாலும் அது ரஞ்சிதத்தின் போன் ஆகிவிடாது. இந்த எண்ணத்தை எங்கேயாவது ஒரு இடத்தில் உடைக்க முடியுமா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், சுவர்தான் இருந்தது. போகாதே என்று சொல்லிவிட்டால் போதும், அவ்வளவுதானே, ஆப்பும் வேண்டாம் போனும் வேண்டாம், போகாதே என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் கொஞ்ச நேரம் தங்கி மூச்சு விட்டாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. ரஞ்சிதம்தான்.

"அக்கா, இப்பத்தான் கைக்கு வந்துச்சு. மொட்டமாடில நிக்கிறேன். திங்கக்கிழமைக்குள்ள சரியாயிடும்னீங்களே, ஆயிடுச்சா?" காற்றின் சத்தம், அதற்கு அடியில் மில்லின் இரைச்சல், நிற்காமல். சங்கமித்திரை எழுந்து கடைக்கு வெளியே வந்து, மூடிக்கிடந்த ஒரு ஷட்டர் ஓரம் நின்றாள். "ரஞ்சிதம், அந்த மேஸ்திரியா?" என்றாள். "இப்ப அத எதுக்குக்கா. ஆயிடுச்சா, இல்லியா, அதச் சொல்லுங்க." "ஆகல. உன் போன்ல அது வேலை செய்யாது. நல்ல போன்லயும் குடோன் கிட்ட வேலை செய்யாது. நீ நைட் ஷிப்டுக்குப் போகாத. பேர எடுத்துடு." "பேர எடுத்தா ரூம் இல்லக்கா. வார்டன் சொல்லிட்டாங்க, நைட் பாக்காதவங்களுக்கு எடம் கெடையாதுன்னு. ஊருக்குப் போனா மாமன் தாலியோட ரெடியா நிக்கிறான், அவனுக்கு இந்த மேஸ்திரியே தேவல" என்று சொல்லி அவள் சிரித்தாள், நிஜமாகவே சிரித்தாள். "அப்ப புகார் குடுக்கலாம். நான் எழுதறேன். சட்டம் இருக்கு ரஞ்சிதம், ஒவ்வொரு மில்லுலயும் இதுக்குன்னு ஒரு கமிட்டி வெச்சே ஆகணும்." "இருக்குக்கா. வார்டன்தான் அதுல தலைவி. நோட்டீஸ் போர்டுல பேரு போட்டிருக்கு. போன மாசமே போனேன். நீதான் அவரப் பாத்துச் சிரிச்சிருப்பன்னாங்க." சங்கமித்திரை வாயைத் திறந்தாள். அடுத்தது என்ன, கலெக்டர் ஆபீஸ், பத்திரிகை, மகளிர் காவல், ஒவ்வொன்றும் நாக்கின் நுனிவரை வந்தது, ஒவ்வொன்றின் பின்னாலும் திங்கட்கிழமை வந்து நின்றது. அதற்கெல்லாம் நாள் ஆகும். நாளைக்கு ஞாயிறு. அவளிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும், வீட்டில் அம்மாவே சொல்லுவாள், செத்தாலும் இவள் பதில் சொல்லிவிட்டுத்தான் சாவாள் என்று. இப்போது ஷட்டரின் தகட்டைத்தான் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இருக்கீங்களா? நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஆறுதல் வந்தது. "தெரிஞ்சது நல்லதாப் போச்சு. இல்லாட்டி அங்க நின்னு உங்க பட்டன அமுக்கிக்கிட்டே இருந்திருப்பேன். செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டா நல்லா ஓட வரும். முன்னாடி அப்படித்தான ஓடுனேன்." பிறகு சார்ஜ் கம்மியாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சங்கமித்திரை கடைக்குள் திரும்பி வந்தாள். தனபால் உடைந்த போன்களை எல்லாம் அள்ளி டின்னுக்குள் போட்டு மூடியிருந்தார். "அப்ப பெருசுதானுங்களே? பில்லு காலேஜ் பேருலயா, உங்க பேருலயா?" என்று கேட்டுக்கொண்டே அதைப் பெட்டிக்குள் வைத்தார். "காலேஜ் பேருலயே போடுங்கண்ணா" என்றாள் அவள்.